செவ்வாயில் ஒரு வாய்க்கால்

அவர் கோபப்படாமல் பேசி நான் கேட்டதே இல்லை. "டீ குடிச்சியா சார்?" என்று கேட்டால்கூட, குடிக்காமல் இருந்தது என் குற்றம் என்பது போலத்தான் இருக்கும். சார் என்பார், அடுத்த வார்த்தையிலேயே நீ, வா, போ என்பார். ஒரகடத்தில் கார்களுக்கு முன்விளக்குக் கண்ணாடி செய்யும் தொழிற்சாலை ஒன்றில் நான் லைன் சூப்பர்வைசர், அவர் கான்ட்ராக்டில் இருந்த இன்ஸ்பெக்டர். என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர். லைனில் எல்லோருக்கும் அவர் அக்கா. அவர் மேல் போட்ட வழக்கு இன்னும் முடியவில்லை, அதனால் பெயரை எழுதவில்லை.

இதை எழுதும்போது எனக்கும் கோபமாகத்தான் இருக்கிறது. அதில் பெரிய பங்கு என் மேல்.

அக்காவின் வேலை பார்ப்பது. குழல்விளக்குகள் எரியும் கூண்டின் முன்னால் நின்று, பருத்திக் கையுறை போட்ட கையில் கண்ணாடியைத் தூக்கிப் பிடித்து, நாலு பக்கமும் திருப்பிப் பார்க்க வேண்டும். கீறல், குமிழ், கரும்புள்ளி, மங்கல் என்று எது இருந்தாலும் சிவப்புத் தொட்டியில் போட வேண்டும். ஒன்றும் இல்லையென்றால் ஓரத்தில் தன் எண் உள்ள ரப்பர் முத்திரையைக் குத்தி அனுப்பலாம். ஷிஃப்ட் தொடங்கி இரண்டு மணி நேரம் போனதும் பாதிப் பேர் இரண்டு பக்கம் பார்த்துவிட்டுக் குத்துவார்கள். எனக்குத் தெரியும். தெரியாத மாதிரி நடந்துபோவேன். அக்கா மட்டும் கடைசிக் கண்ணாடியையும் நாலு பக்கம் திருப்புவார்.

ஒரு மாதக் கடைசி. லாரி கதவைத் திறந்துகொண்டு நிற்கிறது, பார்க்காத ட்ரேக்கள் அடுக்கடுக்காக இருக்கின்றன, மேலேயிருந்து ஃபோன் மேல் ஃபோன். அக்காவிடம் போய்க் குரலைத் தாழ்த்திச் சொன்னேன்.

"இது நேத்தே பாத்த லாட்தான்க்கா. முத்திரைய மட்டும் வச்சிருங்க."

"யாரு பாத்தது?"

"போன ஷிஃப்ட்ல பாத்திருப்பாங்க."

"பாத்திருப்பாங்களா, பாத்தாங்களா? நீ பாத்தியா சார்?"

"நான் எப்படிக்கா பாக்க முடியும்?"

"அப்போ இந்தா." தன் முத்திரையை என் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடிவிட்டார். "பாக்காதத பாத்தேன்னு சொல்றதுக்கு என் நம்பரு எதுக்கு? உன் பேர எழுதி அனுப்பு."

நான் என் பெயரை எழுதவில்லை. அந்த முத்திரையைப் பக்கத்து மேசைப் பெண்ணிடம் கொடுத்துக் குத்தச் சொன்னேன். அந்தப் பெண் வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது, என்னை எதிர்த்துப் பேசத் தெரியாது. முத்திரை விழ விழ அக்கா கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டே நின்றார். லாரி போன பிறகு என்னிடம் ஒரே வார்த்தைதான் சொன்னார். "தூ."

அவருக்குச் செவ்வாய் கிரகம் வந்து சேர்ந்தது கம்பெனி பஸ்ஸில். ஸ்ரீபெரும்புதூரில் பஸ் கிளம்பும். நான் அங்கே ரூம் எடுத்துத் தங்கியிருந்தேன், சொந்த ஊர் தூத்துக்குடிப் பக்கம். வல்லக்கோட்டை ஸ்டாப்பில் அக்கா ஏறுவார், கூடவே கன்னியம்மா ஏறுவார். கன்னியம்மா எங்கள் கேன்டீனில் தட்டு கழுவுகிறவர், ஐம்பது வயது இருக்கும், அக்காவுக்கு அடுத்த வீடு. மெயின் ரோட்டிலிருந்து உள்ளே போனால் ஓர் ஏரி, ஏரிக்குக் கீழே இருபது முப்பது வீடு உள்ள அவர்கள் தெரு. அக்கா முறைத்துக்கொண்டு ஏறுவார், கன்னியம்மா சிரித்துக்கொண்டு ஏறுவார். ஒரே சீட்டில் உட்காருவார்கள்.

ஒருநாள் ட்ரெய்னியாக வந்திருந்த பொண்ணு ஒருத்தி முன் சீட்டில் உட்கார்ந்து ஃபோனில் எதையோ நகர்த்திக்கொண்டிருந்தாள். அக்கா எட்டிப் பார்த்தார்.

"இன்னா இது, லாரில செம்மண்ணு கொட்டுன மாதிரி கீது?"

"செவ்வாய் கிரகம்க்கா. மேல சுத்துற செயற்கைக்கோள் எடுத்த படத்தையெல்லாம் ஒட்டி மேப் போட்டிருக்காங்க. விரல வச்சி விரிச்சா கிட்ட போலாம். கல்லு கூடத் தெரியும்."

அக்கா ஃபோனைப் பிடுங்கிக்கொண்டார்.

"இதுவா? இதானா என் ஜாதகத்துல ஏழாம் எடத்துல ஒக்காந்துகினு கீது?"

பஸ்ஸே சிரித்தது. அக்கா சிரிக்கவில்லை. பிற்பாடு கன்னியம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும், அக்காவுக்குச் செவ்வாய் தோஷம். மூன்று இடம் வந்து மூன்றும் அதைச் சொல்லியே போய்விட்டது. மூன்றாவது ஆள் அக்காவுக்கும் பிடித்தவர். அவரும் அம்மா பேச்சைக் கேட்டுக்கொண்டு போனார். அதற்குப் பிறகு அக்காவே வேண்டாம் என்று நிறுத்திவிட்டார்.

"ஆறு வருஷம் செவ்வாக்கெழம ஆனா முருகன் கோயிலுக்குப் போய் நெய்வெளக்கு ஏத்துனேன்" என்றார், ஃபோனிலிருந்து கண்ணை எடுக்காமல். "ஒருத்தனாவது இதப் பாத்துட்டுச் சொன்னானா? அந்த ஜோசியக்காரன் பாத்தானா? நான் பாக்கறேன். அப்படி இன்னா கீதுன்னு பாத்துட்றேன்."

பார்த்தார். தன் ஃபோனிலும் அதே மேப்பைப் போட்டுக்கொண்டு, தினமும் பஸ்ஸில். சும்மா அங்கங்கே தொட்டுப் பார்ப்பது இல்லை. கண்ணாடியைப் பார்ப்பது போலவே பார்த்தார். மேல் வரிசையில் ஆரம்பித்து இடமிருந்து வலம், அந்த வரிசை முடிந்ததும் கீழ் வரிசை. ஒரகடம் ஜங்ஷனில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவில் பஸ் மாட்டிக்கொண்டு நிற்கும்போது எல்லோரும் சலித்துக்கொள்வார்கள். அக்காவுக்கு இன்னும் நாலு பள்ளம் பார்க்க நேரம் கிடைக்கும்.

"மேல இன்னாடி தேடற? மாப்ளயா?" என்பார் கன்னியம்மா.

"கெடைச்சா உனக்கும் ஒண்ணு புடிச்சி வரேன்."

"எனக்கு ஏற்கெனவே ஒண்ணு வூட்டுல கீது. அத மொதல்ல அங்க அனுப்பு."

அந்த மேப்பில் சின்னப் பள்ளங்களுக்கெல்லாம் பெயர் போட்டிருக்கும். அவை எங்கெங்கோ இருக்கிற சின்ன ஊர்களின் பெயர்கள் என்று ட்ரெய்னிப் பொண்ணு சொன்னாள். அன்றைக்கு அக்கா கொதித்த கொதிப்பு எனக்கு நினைவிருக்கிறது. அதற்கு முந்தின மாதம்தான் கன்னியம்மாவின் வீட்டுக்காரருக்கு நெஞ்சுவலி என்று ஆம்புலன்ஸ் கூப்பிட்டிருந்தார்கள். ஃபோன் மேப்பில் அவர்கள் தெருவே கிடையாது. அந்த வண்டி ஏரிக்குப் பக்கத்தில் புதிதாகக் கட்டிய குடோன் வாசலில் போய் நின்றுவிட்டது. அக்காதான் ஓடிப்போய்க் கூட்டிவந்தார்.

"எவனோ ஒருத்தன் ஊரு அந்தாண்ட போய் ஒக்காந்துகினு கீது. நாங்க இங்கயே கீறோம், எங்களக் காணோம்" என்றார்.

நாலைந்து மாதம் போயிருக்கும். ஒரு காலையில் ஏறியதும் அறிவித்தார். "பாத்து முடிச்சிட்டேன். கல்லு, மண்ணு, பள்ளம். ஒரு பொம்பள வாழ்க்கையக் கெடுக்கற மாதிரி அங்க ஒண்ணும் கெடையாது. கெடுத்ததெல்லாம் இங்கதான் கீது." சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார். "ஆனா ஒண்ணு பாத்தேன் சார். நீ பாரு."

திரையில் அகலமான ஒரு பள்ளம். அதன் விளிம்பை உடைத்துக்கொண்டு நெளிந்து வரும் ஒரு தடம், பள்ளத்துக்குள் இறங்கியதும் விசிறி மாதிரி விரிந்திருந்தது. "தண்ணி" என்றார் அக்கா. "ஒரு சொட்டு இல்ல இப்போ. ஆனா வந்த வழி அப்படியே கீது." ஃபோனில் விரலால் ஒரு கோடு இழுத்தார். கோட்டின் கீழே மேடும் பள்ளமும் படமாக வந்தது. "இங்க ஒசரம், இங்க தாழ்வு. இப்படித்தான் போயிருக்கும், வேற வழியே கெடையாது. எத்தினி கோடி வருஷமானா இன்னா?"

அதோடு விட்டிருந்தால் வேடிக்கையாகப் போயிருக்கும். அந்த வார விடுமுறையில் அக்கா ஒரகடத்தில் ஒரு பிரவுசிங் சென்டருக்குப் போய், கம்ப்யூட்டரில் பூமியை எடுக்கச் சொல்லித் தன் ஏரியைப் பார்த்தார். பழைய வருடங்களின் படத்தையும் அதில் பார்க்கலாம். பின்னால் நகர்த்த நகர்த்த குடோன் மறைந்தது, ரோடு மறைந்தது. ஏரியின் கலங்கலிலிருந்து, அதாவது ஏரி நிரம்பினால் தண்ணீர் வழிந்து போகும் இடத்திலிருந்து, ஒரு கால்வாய் நெளிந்து அடுத்த ஏரிக்குப் போனது தெரிந்தது. முன்னால் நகர்த்தினால் அந்தக் கால்வாயின் நடுவில் குடோன் மதில். மதிலுக்கு அந்தப் பக்கம் கால்வாய் இல்லை, சிமெண்ட் தரைதான். கோடு இழுத்துப் பார்த்தார். கலங்கல் உயரம், மதில் தடுக்கிறது, அதைவிட்டால் தாழ்வாக இருக்கும் ஒரே இடம் அவர்கள் தெரு.

நாலு தாளில் அதைப் பிரின்ட் எடுத்துக்கொண்டு வந்து என்னிடம் கொடுத்தார். என்னிடம் ஏன் கொடுத்தார் என்றால், அந்தக் குடோனை வாடகைக்கு எடுத்திருந்தது எங்கள் கம்பெனி. நாங்கள் பேக் செய்யும் கண்ணாடிகள் அங்கேதான் போய் அடுக்கப்படும்.

"நான் மேல போய்ப் பேச முடியாது, என்ன உள்ள வுட மாட்டானுங்க. நீ போவ இல்ல? அட்மின்ல குடு. மதில்ல ஒரு மதகு வுட்டா போதும், தண்ணி போய்டும். மழைக்கு இன்னும் நாளு கீது."

"சொல்லுதேன்க்கா."

"சொல்றன்னு சொல்லாத. சொல்லிட்டு வந்து சொல்லு."

அந்தத் தாள்களை என் மேசை டிராயரில் வைத்தேன்.

கொடுக்கக் கூடாது என்று நினைக்கவில்லை. கொடுக்க நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான். அட்மின் மேனேஜருக்கும் எனக்கும் அந்தச் சமயம் சரியாக இல்லை. என் பிரமோஷன் பேப்பர் அவர் மேசையில் இருந்தது. ஒருநாள் கேன்டீன் வரிசையில் அவருக்குப் பின்னால் நின்றபோது பேச்சோடு பேச்சாகச் சொல்லிப் பார்த்தேன். அவர் சிரித்தார். "யாரு, அந்த செவ்வாய் கிரகத்துல வாய்க்கால் பாக்கற பொம்பளையா?" நானும் சேர்ந்து சிரித்தேன். தட்டு எடுத்துவைத்துக்கொண்டிருந்த கன்னியம்மா எங்களைப் பார்த்தார். அவர் மட்டும் சிரிக்கவில்லை.

அக்கா என்னை நம்பி மட்டும் உட்கார்ந்திருக்கவில்லை. திங்கட்கிழமை மனு வாங்கும் நாளில் லீவு போட்டுவிட்டு அதிகாரிகளிடமும் போனார். அங்கே நில அளவைக்காரர் புலப்படத்தை, அதாவது ஆபீஸில் இருக்கும் நில வரைபடத்தை, எடுத்துப் பார்த்துவிட்டு, "கால்வாய் இருக்கேம்மா, படத்துல போட்டிருக்கே" என்று சொல்லியிருக்கிறார்.

"படத்துல கீது சார். எடத்துல இல்ல. நீ வந்து பாத்தியா?"

"ரெக்கார்டுல இருந்தா இருக்குன்னுதான் அர்த்தம்."

"அப்போ அந்தப் பேப்பர்ல வுட்டுக்கோ தண்ணிய" என்று சொல்லிவிட்டு வந்தாராம். பஸ்ஸில் இதை முன் சீட்டு வரை கேட்கிற மாதிரிச் சொன்னார். பிறகு என்னைக் கேட்டார். "நீ குடுத்துட்டியா சார்?"

"குடுத்தாச்சிக்கா. பாக்கறேன்னு சொல்லியிருக்காங்க."

இந்தப் பொய்யை நான் யோசித்துச் சொல்லவில்லை. நாக்கு தானாகச் சொன்னது. அதனால் அது சின்னப் பொய் ஆகிவிடாது.

மழை இரண்டு நாள் விடாமல் பெய்தது. மூன்றாம் நாள் காலை ஷிஃப்ட்டுக்குப் பஸ் வல்லக்கோட்டையில் நின்றபோது அக்காவும் இல்லை, கன்னியம்மாவும் இல்லை. லைனில் ஏற்கெனவே ஆறு பேர் குறைவு. எட்டு மணிக்கு என் மேசையில் இருந்த லேண்ட்லைனிலிருந்து அக்காவுக்கு ஃபோன் போட்டேன். நாலாவது தடவை எடுத்தார்.

"என்னக்கா, ஒரு வார்த்தை சொல்லாம லீவு போட்டா எப்படி? லைன் நிக்குது."

அந்தப் பக்கம் மழைச் சத்தமும் நிறையப் பேர் பேசும் சத்தமும் கேட்டது.

"கன்னியம்மா செத்துப் போய்ட்டா சார்."

ரிசீவரை இன்னொரு காதுக்கு மாற்றினேன்.

"ஆறு மணிக்கு ஏரி வழிஞ்சி தெருவுக்குள்ள பூந்துச்சி. இடுப்பளவு. அவ ஃப்ரிட்ஜு பிளக்கப் புடுங்கப் போனா. கரண்ட்டு." மூச்சு வாங்கினார். "சார். நெஜமாச் சொல்லு. அந்தப் பேப்பர நீ குடுத்தியா?"

ஃபோனை வைத்துவிட்டேன். எதிரில் கண்ணாடிகள் பெல்ட்டில் வந்துகொண்டிருந்தன. டிராயரைத் திறந்தேன். நாலு தாளும் மடிப்புக் கலையாமல் இருந்தன.

தண்ணீர் வடிந்த பிறகு கம்பெனி அந்தத் தெருவுக்கு நிவாரணம் கொண்டுபோனது. ஆளுக்கு ஒரு போர்வை, ஒரு பாக்கெட் ரொட்டி, பின்னால் பேனர். நானும் டி-ஷர்ட் போட்டுக்கொண்டு போனேன், போகச் சொன்னார்கள். அட்மின் மேனேஜர் அக்காவிடம் போர்வையை நீட்டி ஃபோட்டோவுக்காகக் கேமராவைப் பார்த்தார். அக்கா கையை நீட்டவே இல்லை.

"இங்க பாக்காத. அங்க பாரு" என்றார். தெருமுனையில் நின்றால் குடோன் மதில் தெரியும். மதிலின் இந்தப் பக்கம் இடுப்பு உயரத்துக்குச் சேற்றுக் கோடு. "உன் மதிலு மேல தண்ணி எதுவரைக்கும் நின்னுச்சின்னு பாரு. அதே கோடு அவ வூட்டுக்குள்ள செவுத்துல கீது, வா, வந்து பாரு. போர்வை இன்னாத்துக்கு? போத்தறதுக்கு அவ கீறாளா?"

மேனேஜர் போர்வையை அடுத்த ஆளிடம் கொடுத்தார். ஃபோட்டோ வேறு இடத்தில் எடுத்தார்கள்.

ஒரு வாரத்தில் அக்காவை நிறுத்திவிட்டார்கள். குடோனைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. தடை செய்யப்பட்ட செல்ஃபோனை லைனுக்குள் கொண்டுவந்து உற்பத்தியைப் படம் எடுத்தார் என்பதுதான் குற்றச்சாட்டு. எங்கள் வாசலில் ஃபோனை வாங்கி லாக்கரில் வைத்துப் பூட்டிய பிறகுதான் யாரையும் உள்ளே விடுவார்கள். அக்கா ஒருநாளும் ஃபோனை உள்ளே கொண்டுவந்ததில்லை. 'நேரில் கண்டேன்' என்று டைப் அடித்த தாளை அட்மின் மேனேஜர் என் முன்னால் வைத்தார். பக்கத்திலேயே என் பிரமோஷன் ஃபைலும் இருந்தது. அதைப் பற்றி அவர் எதுவும் பேசவில்லை, பேச வேண்டிய தேவையும் இல்லை.

கையெழுத்துப் போட்டேன்.

அக்காவைக் கூப்பிட்டு அந்தத் தாளைக் காட்டினார்கள். என் கையெழுத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கத்துவார் என்று நினைத்தேன். கையுறைகளைக் கழற்றி ஒன்றன் மேல் ஒன்றாக மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

எனக்குப் பிரமோஷன் வந்தது. அதையும் சொல்லித்தான் ஆகவேண்டும்.

அக்கா அதற்குப் பிறகு ஒரு வருடம் ஏறி இறங்காத ஆபீஸ் இல்லை என்று கேள்விப்பட்டேன். போகிற இடமெல்லாம் அந்தப் படங்களை எடுத்துக்கொண்டு போனார். விசாரிக்கிறோம் என்றார்கள், அனுப்பியிருக்கிறோம் என்றார்கள், அது வேறு துறை என்றார்கள். அடுத்த மழைக்காலம் நெருங்கியது. ஒரு புதன்கிழமை, நல்ல வெயில், பகல் பதினோரு மணிக்கு, அந்தத் தெருவிலிருந்து எட்டுப் பெண்கள் கடப்பாரையோடு போய்க் குடோன் மதிலை உடைத்தார்கள். கால்வாய் இருந்த இடத்தை மட்டும். அளந்து உடைத்த மாதிரி இரண்டு பக்கமும் நேராக இருந்தது.

கம்பெனியில் வேலை பார்த்த ஒருவர் அதில் இருப்பதாகச் சந்தேகம் என்று மறுநாள் காலை என்னைப் போலீஸ் ஸ்டேஷனுக்கு அனுப்பினார்கள். குடோன் கேமராவில் பதிவானதைப் போட்டுக் காட்டினார்கள். முகத்தை யாரும் மூடியிருக்கவில்லை. நடுவில் அக்கா. புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, கடப்பாரையை இரண்டு கையாலும் ஓங்கி ஓங்கி இறக்கினார். கல் பெயர்ந்ததும் நின்று, தலையைத் தூக்கிக் கேமராவை நேராகப் பார்த்தார்.

"நடுவுல நிக்கறது யாருன்னு தெரியுதா?" என்று கேட்டார் எஸ்.ஐ.

"தெரியல சார்."

"நல்லாப் பாத்துச் சொல்லுங்க."

"பாத்தேன் சார். தெரியல."

ஒரு நல்ல காரியம் செய்துவிட்ட நிம்மதியோடு வெளியே வந்தேன். கடன் கழிந்தது என்றுகூட நினைத்தேன். எவ்வளவு அசிங்கமான நினைப்பு அது.

சாயங்காலம் ஷிஃப்ட் முடிந்து வெளியே வந்தால் கேட்டுக்கு எதிரே அக்கா நிற்கிறார். நூறு பேர் பஸ் ஏறிக்கொண்டிருக்கிறார்கள். நேராக என்னிடம் வந்தார்.

"என்னத் தெர்லன்னு சொன்னியாமே?"

"அக்கா, மெதுவா. உங்களக் காப்பாத்தத்தான்..."

"யாரு கேட்டா? ஒளிஞ்சிகினா ஒடைச்சேன்? நாங்க எட்டுப் பேரும் மத்தியானமே போய் நாங்கதான் ஒடைச்சோம்னு எழுதிக் குடுத்துட்டோம். எதுக்கு ஒடைச்சோம்னும் எழுதிக் குடுத்தோம். அந்த ஏட்டு சிரிக்கிறான், உங்க சூப்பர்வைசரே தெரியலன்னுட்டாரேன்னு." அவர் குரல் உயர உயர பஸ் ஏறுகிறவர்கள் நின்று திரும்பினார்கள். "பாக்காதப்போ பாத்தேன்னு கையெழுத்துப் போட்ட. பாத்துட்டு பாக்கலன்ற. உன் கண்ண வெச்சிகினு யாருக்கு இன்னா பிரயோஜனம்? என் மேல பாவப்பட்டு ஒரு பொய்யி, என் வேலயக் கெடுக்க ஒரு பொய்யி. ரெண்டும் எனக்கு ஒண்ணுதான் சார். உனக்குப் பொய்யி சொல்ல என் பேருதான் கெடைச்சிதா?"

அவர் திரும்பி ரோட்டைக் கடந்து போனார். பஸ்ஸில் அன்று என் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை.

மறுநாள் நான் வேலைக்குப் போகவில்லை. டிராயரிலிருந்து எப்போதோ ரூமுக்குக் கொண்டுவந்திருந்த நாலு தாளையும் எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போய், வாக்குமூலத்தை மாற்றிக் கொடுத்தேன். நடுவில் நிற்பவர் யார் என்று சொன்னேன். வெள்ளத்துக்கு முன்பே அவர் இந்தத் தாள்களை என்னிடம் கொடுத்ததையும், நான் அமுக்கி வைத்ததையும் சொன்னேன். செல்ஃபோன் விஷயத்தில் நான் எதையும் நேரில் காணவில்லை என்பதையும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். எஸ்.ஐ. தாள்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இத ஏன்யா அப்பவே குடுக்கல?" என்றார். அந்த மாதமே கம்பெனி என்னை வெளியே அனுப்பியது. இப்போது வேறொரு வேலையில் இருக்கிறேன். பெண்கள் மேல் வழக்கு நடக்கிறது, அவர்களுடைய வக்கீல் அந்தத் தாள்களைக் கோர்ட்டில் கொடுத்திருக்கிறார். பேப்பரில் செய்தி வந்த பிறகு நில அளவைக்காரர் ஒருவழியாக நேரில் வந்து அளந்து கல் நட்டார். உடைத்த இடத்தைத் திரும்ப அடைக்க முடியவில்லை. அந்த வருட மழையில் ஏரி நிரம்பி வழிந்தது. தெருவுக்குள் தண்ணீர் வரவில்லை.

வாக்குமூலம் கொடுத்த அன்று ஸ்டேஷன் வாசலிலிருந்தே அக்காவுக்கு ஃபோன் செய்தேன்.

"எல்லாத்தையும் சொல்லிட்டேன்க்கா."

"எங்கிட்ட எதுக்குச் சொல்ற? கன்னியம்மா வூட்டுக்காரரு கீறாரு. அவுருகிட்ட போய்ச் சொல்லு."

சாயங்காலம் போனேன். அந்தத் தெருவில் எல்லா வீட்டுக்கும் புதிதாகச் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள், கன்னியம்மா வீட்டைத் தவிர. அவருடைய வீட்டுக்காரர் வாசலில் நின்றுகொண்டு நான் சொல்லச் சொல்லக் கேட்டார். இதயநோயாளி, மெலிந்த மனிதர். தாள்கள் என்னிடம் வந்தது, நான் கொடுக்காதது, கொடுத்ததாகச் சொன்னது என்று எல்லாவற்றையும் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். "கொஞ்ச நாள் எங்கிட்டயே இருந்துருச்சி" என்று முடித்தேன்.

அடுத்த வீட்டு வாசலில் அக்கா நின்றிருந்தது அப்போதுதான் தெரிந்தது.

"கொஞ்ச நாளுன்னா எத்தினி நாளு?" என்றார். "அவுரப் பாத்துச் சொல்லு."

நிமிர்ந்து அவரைப் பார்த்தேன்.

"முப்பத்தி நாலு நாள்."

அவர் தலையை ஆட்டினார். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள் திரும்பி, சுவரில் இருந்த சேற்றுக் கோட்டைப் பார்த்தார். பிறகு, "மதகு கட்ட எத்தினி நாளு ஆவும்?" என்று கேட்டார்.

நான் சொல்வதற்கு முன்னால் அக்கா சொன்னார்.

"ரெண்டு நாளு."